கன்னத்தில் ஒட்டிய பலா

பருத்திப்பட்டு இக்னேஷியஸை அந்தப் பெயரால் கூப்பிட்டவர் ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் ஒருவர்தான். அதற்குப் பிறகு ஊருக்கு அவர் இன்னாசி. தொழில் தச்சு. தொழிலைவிட அதிகமாகச் செய்த காரியம் நன்றி சொல்லுவது. மற்றவர்களுக்குத் தும்மல் வருவதுபோல் அவருக்கு நன்றி வரும். ஆணி வளையாமல் இறங்கினால் ஆணிக்கு நன்றி. வளைந்தால், விரலை விட்டுவிட்டு வளைந்ததற்கு நன்றி. அம்பத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கண்டக்டருக்கும் ஒரு நன்றி சொல்லுவார். இவ்வளவு மரியாதையைப் பார்த்துப் பழக்கமில்லாத கண்டக்டர் ஒருவர், "யோவ் நில்லு, டிக்கட் எடுத்தியா?" என்று கீழே இறங்கி வந்து கேட்டதுண்டு. டிக்கட்டைக் காட்டிவிட்டு, கேட்டதற்கும் நன்றி சொன்னார் இன்னாசி.

மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில், அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து வெளியூர் போகும் இயந்திரங்களுக்குப் பெட்டி அடிப்பது அவர் வேலை. பைன் பலகை, ஆணி, மேலே அம்புக்குறி. நேர்த்தியாக அடிப்பார். மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்காது. ஆனால் உலகத்தில் வேறு எந்தத் தச்சனுக்கும் வராத ஒரு கஷ்டம் அந்தத் தொழிலில் இருந்தது. அவர் செய்த பொருளை வாங்கியவர்கள் முதல் காரியமாகக் கடப்பாரையைத் தேடினார்கள். இத்தனை வருடம் அடித்த பெட்டிகளில் ஒன்றைக்கூட ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது வைத்துக்கொள்ளும்படி ஒரு மரச்சாமான், ஒன்றே ஒன்று, செய்துவிட்டுப் போக வேண்டும் என்று இன்னாசிக்கு ஆசை. அதை மாதாவிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

எண்பத்தேழாம் வருடம் முதலாளி அட்டைப் பெட்டிக்கு மாறினார். அட்டைக்குத் தச்சன் தேவையில்லை. இன்னாசி வீட்டுக்கு வந்து உளிப்பையைக் கீழே வைத்தார்.

"இதுக்கும் டாங்ஸ் சொல்ட்டு வந்தியாய்யா?" என்று கேட்டார் மனைவி ஞானகுமாரி.

"சொன்னேன். இத்தினி வருசம் சோறு போட்ட மனுசன்."

"நல்லது. இனிமே சோறு யாரு போடப்போறானு தெரிஞ்சிகினா அவனுக்கும் இப்பவே சொல்ட்டு வா."

அப்படிச் சோறு போட வந்த ஆள் செங்கல்வராயன். திருவேற்காட்டுத் திருவிழாவிலும், பூந்தமல்லிச் சந்தைப் பக்கத்திலும், மாதா கோயில் கொடியேற்றத்திலும் பலூன் சுடும் கடை போடுகிறவர். சாமிகளுக்குள் அவர் வித்தியாசம் பார்ப்பதில்லை. எந்தச் சாமிக்குக் கூட்டம் வருகிறதோ அந்தச் சாமி முன்னால் பலூன் கட்டுவார். அவரிடம் மூன்று ஏர்கன்கள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்து உருப்படிகள். குழாயில் ஏதோ அந்நிய எழுத்து தேய்ந்து கிடந்தது. முன்பு ஒரு துப்பாக்கியின் கட்டை, பிடி ஒடுங்கும் கழுத்து இடத்தில், உடைந்துபோனபோது இன்னாசிதான் ஒட்டிக்கொடுத்தார். அது வால்நட் மரம். ஒட்டி, இழைத்து, வெள்ளைக்காரன் செய்வதுபோலவே ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார். கட்டை கண்ணாடி மாதிரி ஆனது.

இந்தத் தடவை மூன்றும் போய்விட்டன.

"இரும்பு அப்டியே கீது அண்ணாத்தே. கட்டையத்தான் கரையான் துன்னுட்ச்சு. சாக்குல சுத்தி மூலையில வெச்சேன். எடுத்துப் பாத்தா, மாவு மாதிரி கொட்டுது. ஆடி வருது. கட இல்லன்னா என் எடத்துல ராட்டினக்காரன் குந்திக்குவான்."

அதே கரையானின் சொந்தக்காரர்கள் ஆவடியிலும் இருந்தார்கள். பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் ஒரு பீரோ நிறைய ஏர்கன்கள், எல்லாம் கட்டை அரித்துக் கிடந்தன. இன்னாசி வேலை கேட்டுப் போனபோது, மன்றத்தின் துப்பாக்கிப் பிரிவுச் செயலாளர் இராமகிருஷ்ணன் அந்தப் பீரோவைத் திறந்து காட்டினார். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். பார்த்த பிறகும் யோசிப்பார்.

"முதல்ல ஒரு மாதிரி காட்டுங்க. கன்னத்துல வெச்சுச் சுட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். நல்லா இருந்தா இந்தப் பீரோ முழுக்க உங்களுக்கு."

பீரோ முழுக்க என்றால் சொந்தமாக ஒரு கொட்டகை போடலாம். அதைவிட, கடப்பாரையைத் தேடாத வாடிக்கைக்காரர்கள். கன்னத்தோடு அணைத்துக்கொள்ளும் வாடிக்கைக்காரர்கள். இன்னாசி பீரோவுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஆக, செங்கல்வராயனின் மூன்று கட்டைகள்தான் மாதிரி. மரம்தான் பிரச்சினை. வால்நட் காஷ்மீரத்தில் இருந்தது. இன்னாசி பருத்திப்பட்டில் இருந்தார். தேக்கு கேட்டபோது மரவாடிக்காரர் இவருடைய செருப்பைப் பார்த்துவிட்டுச் சீமைக்கருவேலத்தைக் காட்டினார். வாகையை இழைத்தால் தெருவே தும்மும். யோசித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தவருக்குச் சகாயம்மாள் வீட்டு ஆட்டுக்கொட்டகை கண்ணில் பட்டது. என்றோ ஒரு புயலில் விழுந்த பலாமரத்தை அறுத்து, தடித்தடியாகப் பலகை போட்டு, ஆடுகளுக்குப் பரணாகக் கட்டியிருந்தார் சகாயம்மாள். காற்றும் புகையும் பட்டு வருடக்கணக்கில் காய்ந்த பலகை. தட்டினால் மணியடித்தது.

பலாவில் வீணையே செய்கிறார்கள். வீணைக்கு ஆகிற மரம் பலூனுக்கு ஆகாதா?

"எடுத்துகினு போப்பா," என்றார் சகாயம்மாள். "காசு கீசு இன்னாத்துக்கு? அந்த மரம் நின்ன வரைக்கும் ஒரு காய் வெக்கல. செத்த பெறகாவது எதுக்கனா ஆவட்டும்."

இன்னாசி அவருக்கு நன்றி சொன்னார். ஆடுகளுக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

ஆனி மாதம் முழுக்க அவர் வீட்டு வாசலில் மஞ்சள் மழை. பலாவை அறுத்தால் உள்ளே பழச்சுளை நிறம். வாளும் உளியும் அரமும் ஓடி, பலகைக்குள் ஒளிந்திருந்த கட்டை மெல்ல வெளியே வந்தது. தோளில் முட்டும் அடிப்பக்கம், கை பிடிக்கும் மெலிந்த கழுத்து, கன்னம் சாயும் இடத்தில் லேசான ஒரு வளைவு. அந்த வளைவை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, கட்டையைத் தன் கன்னத்தில் வைத்து வைத்து ஒத்துப் பார்த்தார். கடைசியில், வால்நட்டுக்குச் செய்ததுபோலவே ஆளிவிதை எண்ணெய். மேலே அரக்குப் பாலிஷ் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். வெயிலில் வேர்த்த கன்னத்தில் பாலிஷ் பிசுபிசுக்குமே என்ற நல்ல எண்ணம். தப்பு அங்கேதான் நடந்தது. அது நல்ல எண்ணத்தோடு வந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஞானகுமாரி வேறு ஒன்றைக் கவனித்துவிட்டார். புருஷனின் உள்ளங்கை மஞ்சள். நகக்கண் மஞ்சள். வலது கன்னம் நல்ல மஞ்சள்.

"இன்னாய்யா, மஞ்சக்காமாலை மாதிரி கீது?"

"எனக்கு நல்லாத்தான் கீது."

"காமாலக்காரன் அப்டித்தான் சொல்லுவான்."

மறுநாளிலிருந்து வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து ஒரு டம்ளர். உப்பில்லாப் பத்தியம். மாலையில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி. இன்னாசி ஒரு வாய் கசப்புக் குடித்து ஒரு வாய் நன்றி சொன்னார். கல்யாணமான புதிதில்கூட ஞானகுமாரி இவ்வளவு நேரம் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

ஆடி பிறந்தது. திருவேற்காட்டில் மஞ்சள் புடவைக் கூட்டம் அலைமோதிய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செங்கல்வராயன் கடை மூன்று புதுக் கட்டைகளோடு எழுந்து நின்றது. இராமகிருஷ்ணன் வந்தார். பலூன் சுடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம். மன்றத்தில் மீட்டிங் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். துப்பாக்கியை எடுத்தார், தடவினார், தோளில் பதித்தார், கன்னத்தைச் சாய்த்தார். ஒரு பலூன். இன்னொரு பலூன். பலகையில் ஒரு வரிசையே காலியானது. வெயிலில் முகமெல்லாம் வேர்த்து ஊற்ற, சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

"கன்னத்துல அப்படியே ஒட்டிக்குதுங்க இன்னாசி!" என்றார்.

பாவம், உண்மையைத்தான் சொன்னார். அது அவருக்கும் தெரியாது, கேட்டுக் கண் கலங்கிய இன்னாசிக்கும் தெரியாது.

"பீரோ உங்களுக்குத்தான். மாசக் கடைசியில வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

அன்று பஸ்ஸில் இன்னாசி யாருக்கெல்லாம் நன்றி சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. கம்பிக்குக்கூடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் கடைக்குப் போனபோது செங்கல்வராயன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, கட்டையில எதுனா சூனியம் கீனியம் வெச்சியா?"

"இன்னாபா ஆச்சு?"

"நம்ம கடையாண்ட சுட்டவனையெல்லாம் அவனவன் ஊட்ல சுட்டுகினுகீறாங்க. நேத்து ஒரு அம்மா வந்து, 'எவடி அவ?'னு என்னக் கேக்குது. நான் பலூன்காரன், எனக்கு இன்னா தெரியும்? அதுக்கு முன்னாடி பூந்தமல்லிக்காரன் ஒருத்தன், புதுசா கண்ணாலம் கட்னவன், கோச்சிகினு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டாளாம் பொண்டாட்டி. எல்லாத்துக்கும் வல்து கன்னந்தான். மஞ்சா!"

ஆடி மாதம், அம்மன் கோயில், திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள் பூசிய முகங்கள். அந்தக் கூட்டத்துக்குள் போன கணவன் வலது கன்னத்தில் மட்டும் மஞ்சளோடு வீடு திரும்பினால் மனைவிக்கு யோசிக்க ரொம்ப நேரம் எடுக்காது.

இன்னாசி தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, கொஞ்சம் நனைத்து, கட்டையின் வளைவில் அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். துண்டில், அழகான ஒரு கன்ன அளவில், மஞ்சள்.

வால்நட் தன் நிறத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பலா அப்படியில்லை, வள்ளல். காயாத எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து கேட்டால் அள்ளிக் கொடுத்துவிடும்.

"அந்த ஆவடி சாரு?" என்று கேட்டார் இன்னாசி.

"அவரா? அவரு மீட்டிங்குனு சொல்ட்டு வந்தாராமே. அவரு கதைதான் இருக்கறதுலயே பெருசு. ஊட்ல அடுப்பே மூட்டலயாம். குவாட்டர்ஸ்காரன் ஒருத்தன் வந்து சொல்லி, வுழுந்து வுழுந்து சிரிக்கிறான்."

இன்னாசி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஞானகுமாரி பாதியிலேயே நிறுத்தினார்.

"இரு இரு. அப்போ ஒனக்கு மஞ்சக்காமாலை இல்லியா?"

"இல்ல போலக்குது."

"இத்தினி நாளு கீழாநெல்லி அரைச்சனே! ஏரிக்கரை பூரா புடுங்கித் தேச்சனே! உப்பில்லாம நானுமில்ல துன்னேன்!"

"அதுக்கு ரொம்ப நன்றி ஞானம்."

ஞானகுமாரி உப்பு ஜாடியை எடுத்துத் தரையில் டங்கென்று வைத்தார். கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நீ ஒண்ணும் போயி சொல்லாத. அந்த சாருக்குக் கட்டை புடிச்சிகிது. பீரோ குடுக்கறேன்னு வாய் வுட்டுச் சொல்ட்டாரு. கட்டையாலதான் மஞ்சானு அவருக்கே தெரியாது. அவரு பொண்டாட்டி, அவரு கன்னம். நீ போயி 'என் மரம் சாயம் போவுது சார்'னா, பீரோவப் பூட்டிட்டு உள்ள போயிடுவாரு. அப்புறம் கீழாநெல்லிதான் நமக்கு சாப்பாடு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்னாசி ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் கொட்டகை, பீரோ, கன்னத்தோடு அணைக்கும் வாடிக்கைக்காரர்கள். திறந்தால் மறுபடியும் ஒன்றுமில்லை. ஆனால் வாழ்நாளில் முதன்முதலாக ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பிய தன் சாமான், அந்த மனிதர் வீட்டு அடுப்பை அணைத்துக்கொண்டு கிடக்கிறது. காலையில் எழுந்து, ஒரு துப்பாக்கியைச் செங்கல்வராயனிடம் கேட்டு வாங்கி, பழைய லுங்கியில் சுற்றி, ஆவடி பஸ் ஏறினார். இறங்கும்போது கண்டக்டருக்கு நன்றி சொல்ல மறந்துபோனார்.

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தது லோகநாயகி, செயலாளரின் மனைவி. உள்ளே இராமகிருஷ்ணன் ஆபீசுக்குக் கிளம்பி, டிபன் டப்பா இல்லாமல் நின்றிருந்தார். கன்னத்தில் மஞ்சள் இன்னும் லேசாகத் தெரிந்தது. ஒரு வாரமாகத் தேய்த்த தேய்ப்பில் சுற்றிலும் சிவந்திருந்தது.

இன்னாசி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பலா, ஆட்டுப்பரண், ஆளிவிதை எண்ணெய், நல்ல எண்ணம்.

"ஏனுங்க, நல்லா இருக்குதுங்க கதை," என்றார் லோகநாயகி. "மீட்டிங்குல மஞ்சக் குங்குமம் குடுத்தாங்களாக்குன்னு நானும் கேட்டேனுங்க. பதிலைக் காணோம். இப்ப ஆளைப் புடிச்சுக் கூட்டியாந்து மரம்னு சொல்ல வெக்கிறாராக்கு?"

"லோகு, எனக்கே இப்பத்தான் தெரியும்!"

"நீங்க சும்மா இருங்கோ. மீட்டிங்குன்னு சொன்ன வாய்தானே அது."

"அம்மா, நான் வேணா வெச்சிக் காட்றேன்," என்று இன்னாசி கட்டையைத் தன் வலது கன்னத்தில் வைத்து அழுத்தி எடுத்தார். அந்தக் கன்னம் ஒரு மாதமாகவே மஞ்சள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"நானே பாத்துக்கறேன் குடுங்க," என்று லோகநாயகி வாங்கித் தன் கன்னத்தில் வைத்தார். குளித்து மஞ்சள் பூசி வந்த முகம். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வீட்டாரிடம் மிச்சமிருந்த சுத்தமான கன்னம் ஒன்றுதான். லோகநாயகி ஒரு கையில் தண்ணீரை அள்ளிக் கணவரின் இடது கன்னத்தில் அடித்தார்.

"வையுங்கோ."

"நான் வலது கைக்காரன் லோகு..."

"பலூனா சுடச் சொல்றேன்? வையுங்கோ."

இராமகிருஷ்ணன் துப்பாக்கியை இடது தோளில் ஏற்றி, சாமி படங்களுக்குக் குறிபார்ப்பதுபோல் ஆகிவிட்டதால் அவசரமாகச் சமையலறைப் பக்கம் திரும்பி, கன்னத்தைச் சாய்த்தார். அழுத்தினார். எடுத்தார். லோகநாயகி அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

பளிச்சென்று மஞ்சள்.

முதலில் லோகநாயகியின் தோள் குலுங்கியது. பிறகு முந்தானை வாய்க்குப் போனது. பிறகு அதுவும் போதாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போங்க, ரெண்டு பக்கமும் மஞ்சளோட ஆபீசு போங்க, மாரியாத்தா வந்திருக்கறான்னு கும்புடட்டும்!" என்று சொல்லி முடிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு வாரத்துக் கண்ணீரும் அதில் சேர்ந்து இறங்கியது. இராமகிருஷ்ணன் மனைவியின் முகத்தையும் இன்னாசியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை மெல்லச் சாய்த்து வைத்தார்.

அடுப்பு பற்றியது. மூவரும் உப்புமா சாப்பிட்டார்கள். உப்பு போட்ட உப்புமா. இன்னாசி ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் லுங்கியில் துப்பாக்கியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"நான் வர்றேன் சார். பீரோவுக்கு வேற நல்ல ஆளாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. வந்து பாத்து சுட்டீங்களே, அதுக்கே நன்றி."

இராமகிருஷ்ணன் யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் லோகநாயகி பேசிவிட்டார்.

"அதென்னங்கண்ணா வேற ஆளு? பீரோ முழுக்க நீங்கதான் செய்யோணும்."

"அதுக்கின்னாம்மா, அரக்குப் பாலிஷு மேல ஏத்திட்டா சாயம் வெளிய வராது. அப்டியே பண்ணித் தர்றேன்."

"பாலீசா? தொட்டீங்கன்னா பாருங்க! இதே மாதிரி, இதே பலாவுல, இதே எண்ணெய்தான். துப்பாக்கியெல்லாம் அரிச்சுக் கெடந்தும், வார வாரம் சூட்டிங் பிராக்டீசுன்னு போறவருங்க எங்க போறாங்கன்னு இந்த லைன்ல ஒருத்திக்கும் தெரியாதுங்க. இனிமே கன்னத்தைப் பாத்தாப் போதும். மஞ்சளோட வந்தா சோறு. வெறுங்கன்னத்தோட வந்தா, எங்க போயிட்டு வந்தீங்கன்னு கேட்டுக்கறோம்."

மன்றத்தின் செயற்குழுவில் இதைப்பற்றி விவாதம் நடந்ததா என்று தெரியவில்லை. நடந்திருந்தாலும் உறுப்பினர்கள் எல்லோரும் மணமானவர்கள். பீரோ முழுக்க இன்னாசிக்கு வந்தது. அந்த வேலையில் அவர் மண்ணூர்பேட்டையில் சொந்தக் கொட்டகை போட்டார். செங்கல்வராயன் கடையிலும் கூட்டம் குறையவில்லை, கூடியது. பலூன் மேல் ஆசை இல்லாத சிலரும் வந்து, குறிகூடப் பார்க்காமல், கன்னத்தை மட்டும் நன்றாகத் தேய்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வேறு எங்கிருந்து வந்தார்கள், ஏற்கெனவே கன்னத்தில் என்ன இருந்தது என்றெல்லாம் செங்கல்வராயன் கேட்பதில்லை. அவர்களும் போகும்போது மனதார நன்றி சொன்னார்கள். பூந்தமல்லிக்காரனின் மனைவியும் திரும்பி வந்து, கூடவே நின்று இரண்டு பலூன் சுட்டாள்.

தொண்ணூறுகள் பிறந்து சில வருடங்கள் ஆன பிறகு, ஒருநாள் கொட்டகை வாசலில் ஒரு வேன் நின்றது. பீரோத் துப்பாக்கிகளில் பாதி அதில் இருந்தன. கூடவே லோகநாயகி.

"அண்ணா, கட்டையெல்லாம் கெட்டுப்போச்சுங்க."

இன்னாசி பதறிப்போய் ஒன்றை எடுத்தார். எண்ணெய் உள்ளே இறுகிக் காய்ந்திருந்தது. பழச்சுளை மஞ்சள் மெதுவாக முதிர்ந்து, தேன் நிறமாகி, இப்போது நல்ல பழுப்பு. எத்தனையோ கன்னங்கள் சாய்ந்து சாய்ந்து வளைவு பளபளத்தது. ஒரு விரிசல் இல்லை. வெள்ளைக்காரன் செய்த வால்நட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வால்நட்டுக்குத்தான் வெட்கமாக இருக்கும். இன்னாசி அதைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களாண்ணா, ஒண்ணும் ஒட்டறதில்லீங்க," என்றார் லோகநாயகி.

"இதுதாம்மா இதோட அழகு. மரம் இப்பத்தான் முழுசா வந்துகீது."

"அழகு ஆருக்கு வேணுமுங்க? சொரண்டுங்கோ."

இன்னாசி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சீவுளியை எடுத்து, கன்னம் படும் இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, மேல்தோலை மெல்லச் சீவினார். மீதியைத் தொடவில்லை. பழுப்புக்கு அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. அதற்கும் சகாயம்மாளின் ஆடுகளுக்குமாகச் சேர்த்து உதட்டுக்குள் ஒரு நன்றி சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் ஆழமாவே சொரண்டுங்கண்ணா," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் லோகநாயகி. "அடுத்த வருசம் இவரு ரிட்டயர் ஆகறாருங்க."